தோரினுக்குப் போய்ச் சேர்ந்த கூடாரம்

கதை கட்டுகிற வேலை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதற்கு வேறு முடிவு கட்டியிருப்பேன். இது நடந்தது. எங்கள் சிபியு ஊரில், எங்கள் பைக் கூட்டத்தில், என் தெருவிலேயே இருக்கும் இலாரியேவுக்கு நடந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ராத்திரி படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு டென்ட் வாங்கப் போய் ஆரம்பித்தது.

பைக்கில் ஊர் சுற்றுகிறவனுக்கு டென்ட் லேசான விஷயமில்லை. காரில் போகிறவன் எதையும் டிக்கியில் போட்டுவிடுவான். நடந்து போகிறவனுக்கு எடை ஒன்றுதான் கவலை. பைக்காரனுக்கு மடித்த நீளம்தான் முதல் தலைவலி. பக்கப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கம்பிகள் கொஞ்சம் நீண்டுவிட்டால்கூட பின்சீட்டில் இருப்பவள் முதுகில் வழியெல்லாம் குத்தும். இரண்டு பேருக்கு என்று கடைக்காரன் சொன்னால், அது ஒன்றரை பேருக்கு. ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் எங்கே போகும்? அதோடு மழையில் போடும்போது வெளித்துணி முதலில் ஏற வேண்டும். உள்துணி முதலில் ஏறுகிற ரகமாக இருந்தால், நீ போட்டு முடிப்பதற்குள் படுக்கிற இடம் குளமாகிவிடும்.

இலாரியே டவுன் பஸ் டிரைவர். மூன்று வருடங்களுக்கு முன் அவன் இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் மலிவாக ஒன்றை வாங்கினான். அதில் அவனும் மனைவி ஒலிம்பியாவும் இரண்டு ராத்திரி மழையில் ஊறினார்கள். மூன்றாம் நாள் காலை ஒலிம்பியா ஜாக்கெட்டைப் பிழிந்துகொண்டே, "யோவ், இது டென்டா சல்லடையா?" என்று கேட்டாள். அப்படியே பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த இரண்டு கோடையும் அவன் தனியாகத்தான் போனான். போகப்போக வீட்டுக்குள்ளும் இருவரும் தனித்தனியாகிவிட்டார்கள். அவன் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் எழுந்திருக்கும்போது அவன் போயிருப்பான். இத்தாலியில் இருக்கிற அக்கா அவளுக்கு அங்கே ஒரு வேலையும் பார்த்து வைத்துவிட்டாள்.

இந்தக் கோடை ஆரம்பத்தில் ஒலிம்பியா தானாகவே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை உன்கூட வரேன். நனையாம கூட்டிட்டுப் போய் நனையாம கூட்டிட்டு வா. நனைஞ்சேன்னு வை, பைக்குக்கும் ஒரு கும்பிடு, உனக்கும் ஒரு கும்பிடு. நான் அக்காகிட்ட போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு என்று எதுவும் இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து பையன் டென்ட் பைத்தியமாகிவிட்டான். கடை கடையாக ஏறினான். துணியைத் தடவினான். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பைக் மெக்கானிக் லிவியு அவனைச் சும்மா விடவில்லை.

"டேய், நீ டென்ட் பாக்கறியா, பொண்ணு பாக்கறியா? இது உயரம், அது கறுப்பு, இதுக்குத் தாழ்வாரம் இல்லன்னு... கடைக்காரன் உன்னைக் கண்டாலே ஷட்டர இறக்கறான்."

"பைக்கையும் உள்ள நிறுத்தற மாதிரி வேணும் லிவியு. முன்னால பெரிய தாழ்வாரத்தோட. ஈர ஜாக்கெட்டெல்லாம் அங்கயே கழட்டிட்டு அவ காஞ்சு உள்ள போகணும்."

லிவியு ஸ்பானரைத் துடைத்தான். 

"நீ சொல்ற மாதிரியே ஒண்ணு இருக்கு. மூட்டை பிரிக்கவே இல்ல. ஆனா... பொமானா."

எங்கள் பக்கம் செத்தவர் பொருளை விற்க மாட்டார்கள். மெழுகுவத்தி ஏற்றி, ஒரு ரொட்டியோடு சேர்த்து, உயிரோடு இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பொமானா. வாங்குகிறவர் 'பொக்தப்ரோஸ்தே' என்று சொல்ல வேண்டும். ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டால் பொருள் இங்கேயும் இருக்கும், அங்கேயும் போய்ச் சேரும். இங்கே நீ போர்த்திக்கொண்டால் அங்கே அவருக்குக் குளிராது. சும்மா கொடுக்க வேண்டும், சும்மா வாங்க வேண்டும். காசு கை மாறினால் பொருள் இங்கேயே நின்றுவிடும்.

இலாரியேவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. சின்ன வயதில் அவன் போட்ட கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் யாரோ செத்தவர்களுடையவை. பள்ளியில் பையன்கள், "இன்னிக்கு எந்தப் பொணத்தோட சட்டைடா?" என்று கேட்பார்கள். வளர்ந்த பிறகு யார் வீட்டுச் சாவிலும் அவன் எதையும் கை நீட்டி வாங்கியதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னதும் இல்லை.

ஆனாலும் அந்த டென்ட் அவனைத் தூங்கவிடவில்லை.

மறு வாரம் போனான். ஓல்ட் என்கிற ஆற்றின் கரையில் மலையடிவாரக் கிராமம். வீட்டில் சவெதா என்ற அம்மாள் மட்டும் இருந்தாள். கறுப்புத் துணி, கறுப்புத் தலைக்கட்டு. மேசைமேல் ரொட்டியும் மெழுகுவத்தியும் தயாராக இருந்தன. பக்கத்தில் பச்சை மூட்டை. கடை முத்திரைகூடக் கிழியவில்லை.

மகன் தோரின். இருபத்தாறு வயது. மே மாதம் முதல் பயணத்துக்குக் கிளம்பியிருக்கிறான். புது டென்ட் பெட்டிக்குள் அடங்கவில்லை, நீளம் கூடிவிட்டது. பின்னால் வைத்துக் கட்டுகிற கம்பிச்சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு ராத்திரிதானே என்று டென்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மேலே காட்டுப் பாதையில் பைக் சரிந்து கால் உடைந்துவிட்டது. நடுராத்திரியில் மழை, விடிகாலையில் பனி. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். காலால் சாகவில்லை, குளிரால் செத்தான்.

"கனவுல வரான்ப்பா" என்றாள் சவெதா. "சொட்டச் சொட்ட நனைஞ்சு வரான். பல்லு கடகடங்குது. டென்ட்ட அனுப்பும்மாங்கறான். வேற ஒண்ணும் கேக்கல."

மெழுகுவத்தியை ஏற்றினாள். மூட்டையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். இலாரியே வாங்கினான்.

"சொல்லுப்பா."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் காது மந்தம், சொல்லிவிட்டான் என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். காபி வைக்க அவள் அடுப்பு பக்கம் திரும்பிய நேரத்தில், அவன் பையிலிருந்த நோட்டுகளை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினான். கடையில் என்ன விலையோ அந்த விலை. நான் என்ன பிச்சைக்காரனா என்ற எண்ணம்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சே சரியாக வந்ததாம்.

வாசல்வரை வந்து சவெதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே என் பிள்ள நனைய மாட்டான்" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினார்கள். இலாரியேவின் பெட்டி பெரிசு, மூட்டை அடங்கிவிட்டது. முதுகில் எதுவும் குத்தவில்லை. ஒலிம்பியா வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். மலைமேல் ஏரிக்கரைப் புல்வெளியில் நிறுத்தினார்கள். சுற்றிலும் ஊசியிலை மரங்கள், வேறு ஒரு ஆளும் இல்லை. இலாரியே ஒரு பீர் டின்னை மிதித்துத் தட்டையாக்கிச் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான், ஈர மண்ணில் ஸ்டாண்ட் இறங்கி பைக் சாயாமலிருக்க. டென்ட் கச்சிதமாக ஏறியது. தாழ்வாரத்துக்குள் பைக் நின்றது, பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடமும் மிச்சம் இருந்தது.

சோளக்களியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். ஒலிம்பியா உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். கையைக் காலை நீட்டினாள்.

"பரவால்லயே. மூணு மாசம் தேடினதுக்கு உருப்படியா ஒண்ணு பிடிச்சிருக்க."

"அப்ப இத்தாலி?"

"மழை வரட்டும், பாக்கலாம்."

ஆனால் அவள் கை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஒரு மணிக்கு மழை பிடித்தது.

இலாரியே கண் விழித்தான். டார்ச்சை அடித்து மூலை மூலையாகப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. தையல் எங்கேயும் கசியவில்லை. ஒலிம்பியா காய்ந்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு டார்ச்சை அணைத்தான்.

இரண்டு பத்துக்கு இன்னொரு சத்தம்.

பைக். தூரத்தில், காட்டுப் பாதையில். சின்ன எஞ்சின். டுப்... டுப்... டுப்... என்று மெதுவாக வந்தது. இந்த மழையில், இந்த இருட்டில் யார் ஓட்டுவார்கள்? வழி தவறிய எவனோ என்றுதான் முதலில் நினைத்தான். ஹெட்லைட் வெளிச்சம் துணியில் விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

விழவில்லை.

எஞ்சின் பக்கத்தில் வந்து நின்றது. சைடு ஸ்டாண்ட் இறங்கியது. டக்.

பிறகு காலடி. சேற்றில் பூட்ஸ் சத்தம். ஒரு கால் அழுத்தமாக, இன்னொரு கால் இழுத்துக்கொண்டு. சளக்... ஸ்ஸ்ர்ர்... சளக்... ஸ்ஸ்ர்ர்...

டென்டைச் சுற்றி வந்தது.

முதல் மூலையில் நின்றது. கயிறு இழுபட்டது. துணி லேசாக அதிர்ந்தது. பிறகு இரண்டாவது மூலை. பிறகு மூன்றாவது. படுக்கப் போகும் முன் எந்தப் பைக்காரனும் செய்கிற வேலைதான் அது. முளை இறங்கியிருக்கிறதா, கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் அதை அவரவர் டென்டுக்குத்தான் செய்வார்கள்.

நாலாவது மூலை இலாரியேவின் தலைமாட்டில் இருந்தது. அதுவும் இழுபட்டது.

அங்கேயே நின்றது.

மூச்சுச் சத்தம் இல்லை. கடகட... கடகட... என்று ஒரு சத்தம் மட்டும். என்ன சத்தம் என்று அவனுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது.

பல்.

"இடம் இருக்கா?"

இளசான குரல். பணிவாகக் கேட்டது. இலாரியே வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. கையை நகர்த்தி ஒலிம்பியாவைத் தொடக்கூட முடியவில்லை.

"இடம் இருக்கா... குளிருது."

ஒலிம்பியா தூக்கத்தில் புரண்டாள். ஒன்றுக்குப் போன புருஷன்தான் திரும்பி வருகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"உள்ள வாயேன்..." என்றாள். "ஏன் நனையற?"

ஜிப்.

தாழ்வாரத்து ஜிப்... மெதுவாக... மேலிருந்து கீழே.

ஈரத்தோல் வாடை. பெட்ரோல் வாடை. பைக்குக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பிறகு படுத்தார்கள். நடுவில் ஒரே ஒரு மெல்லிய உள்துணி.

கடகட... கடகட...

விடியும்வரை.

அவன் கண் மூடவில்லை. அசையவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் சொன்னான், பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து சொன்னான். வெளிச்சம் வந்தபோது சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் கழித்துத்தான் உள் ஜிப்பைத் திறந்தான்.

யாரும் இல்லை. வெளி ஜிப் கீழ்வரை மூடியே இருந்தது. தாழ்வாரத்து மண் காய்ந்து பொடிப்பொடியாக இருந்தது. பைக்குக்குப் பக்கத்தில் மட்டும் ஈரம். ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்த அளவுக்கு ஈரம்.

வெளியே வேறு பைக் தடம் எதுவும் இல்லை.

ஒலிம்பியா எழுந்து உட்கார்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"ராத்திரி ஏன்யா ஈரக் கிளவுஸோட என் நெத்திய தொட்ட? ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அவன் கிளவுஸ் பெட்டிக்குள் இருந்தது. பூட்டிய பெட்டிக்குள். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் கொதித்தது. ஈர டென்டை அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கினான்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். நான்கூடக் கேட்டேன். "இருமல் இல்ல, மூச்சு வாங்கல, வெறும் காய்ச்சல்தான்" என்றான். "மாத்திர போட்டதும் கொஞ்சம் இறங்குச்சு. எனக்கு அந்தக் காய்ச்சல் பெரிசாத் தெரியல. ராத்திரி வந்தவன் திரும்ப வருவானோங்கறதுதான் பயம். அவன உள்ள கூப்பிட்டதே அவதானேன்னு பயம்." வழியில்தான் சவெதாவின் கிராமம். டென்டை அந்த அம்மாளிடமே போட்டுவிட்டு, அப்புறம் சிபியு போய் டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறான்.

சவெதா கதவிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் வருவது தெரிந்தவள் மாதிரி.

"காசு வச்சியா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையாட்டினான்.

"நேத்துதான் டப்பாவ நகத்தினேன். உன் போனுக்கு எத்தன தடவ போட்டேன் தெரியுமா? மேல சிக்னல் இல்ல. ஏன்டா இப்படிப் பண்ண? டென்ட்ட வித்துட்டியாம்மான்னு ராத்திரி வந்து கேக்கறான். நீ விக்கலன்னா அது ஏன் இன்னும் வந்து சேரலங்கறான். நான் என்ன பதில் சொல்ல?"

அவள் அடிப்பாள் என்றுதான் இலாரியே நினைத்தான். அவள் அழுதாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். பைக் சத்தம், நொண்டல் நடை, பல். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கள ஒண்ணும் பண்ண வரலப்பா அவன். ஒதுங்க இடம் கேட்டு வந்திருக்கான். இன்னிக்கே முறையாக் கொடுத்துடுவோம். காச எடுத்துக்க. வாயத் தொறந்து சொல்லு. அதோட உங்கள விட்டுடுவான்."

ஒலிம்பியாவைப் பார்த்ததும் அவள் பதறினாள். "இந்தப் பொண்ணுக்கு முகமே சரியில்லையே. உள் ரூம்ல கட்டில் போட்டிருக்கு. போய்ப் படும்மா. கஷாயம் கொண்டாறேன்."

ஒலிம்பியா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். போகும்போது இலாரியேவைப் பார்த்து, "மழைல நனையவே இல்ல பாத்தியா" என்றாள். "உன் டென்ட் பாஸாயிடுச்சு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

முற்றத்தில் வால்நட் மரத்தடியில் டென்டைப் போட்டான். ஈர டென்டைச் சுருட்டி வைத்தால் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். எந்த ஊரில் இறங்கினாலும் பைக்காரன் முதலில் அதைத்தான் விரித்துக் காயப்போடுவான். பூசணம் பிடித்ததையா அந்தப் பையனுக்குக் கொடுப்பது? இரண்டு பேருடைய மெத்தையையும் உள்ளே விரித்தான், அவையும் காயட்டும் என்று. பிறகு காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, சவெதாவோடு சேர்ந்து சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தான். கடையில் வாங்கிய ரொட்டி ஆகாது என்றுவிட்டாள். அது வெந்து வரக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே தூறல் போட்டுவிட்டு நின்றது.

ரொட்டி வந்ததும் இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். சாயங்காலம். வெளிச்சம் நன்றாக இருந்தது. சவெதா தாழ்வாரத்துக்குள் ஒரு கம்பளி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், தோரினுக்குப் பிடித்த பிளம் ஜாம் ஒரு பாட்டில் எல்லாம் வைத்தாள். வீடு கொடுத்தால் வெறும் வீடாகக் கொடுக்க மாட்டார்கள், உள்ளே இருக்கும் சாமானோடுதான் கொடுப்பார்கள். அங்கே போய் அவன் எதற்கும் அலையக் கூடாது. உள் ஜிப் மூடியிருந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

டென்ட் கயிற்றில் வெள்ளைக் கைக்குட்டை கட்டினாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். கயிற்றின் நுனியை இலாரியே கையில் கொடுத்தாள். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"இந்த டென்ட்... உள்ள இருக்கறது எல்லாத்தோடயும்... என் பிள்ள தோரினுக்குப் போய்ச் சேரட்டும்."

"பொக்தப்ரோஸ்தே" என்றான் இலாரியே.

முப்பது வருடமாகச் சொல்லாத வார்த்தை. மனசாரச் சொன்னான். சொன்னதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிட்டதாம். மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்று தடவையும் சொன்னான்.

காற்றே இல்லை. ஆனால் டென்டின் துணி நாலு பக்கமும் ஒரு தடவை உள்ளே ஒடுங்கியது. மூச்சை இழுப்பது மாதிரி.

பிறகு மெதுவாக விரிந்தது.

"வாங்கிக்கிட்டான்" என்றாள் சவெதா. மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டாள்.

இலாரியே சிரித்தான். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஒலிம்பியா! முடிஞ்சுது! கிளம்பலாம்!" என்று கத்தினான்.



உள் ரூமுக்குப் போனான். கட்டிலுக்கு மேலே சுவரில் கறுப்பு ரிப்பன் போட்ட படம். தோரின். அவனுடைய கட்டில். விரிப்பு கலையவே இல்லை. செத்தவன் படுக்கையில் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கஷாயம் ஆறிப்போய் மேசைமேல் இருந்தது.

பின்கதவு திறந்திருந்தது.

முற்றம்.

டென்ட்.

"ஒலிம்பியா..."

உள் ஜிப்பைப் பிடித்தான்.  இழுத்தான்.

அவள் தன் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்துக்குக் கீழே கை வைத்திருந்தாள். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்னும் சூடாகவே இருந்தாள்.

மூச்சு இல்லை.

டாக்டர் இதயம் என்றார். காய்ச்சலோடு வந்த ஏதோ வீக்கம் என்றார். முப்பத்தேழு வயது, நடக்கக்கூடியதுதான் என்றார். எந்த நேரத்தில் உயிர் போனது என்று இலாரியே திரும்பத் திரும்பக் கேட்டான். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒரு மணி நேரத்துக்குள்தான் என்றார்கள். அவள் எப்போது உள்ளே போய்ப் படுத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அவன் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே போய்விட்டாளா, சொன்னபோது போனாளா... அதை நினைத்து நினைத்துத்தான் அவன் பாதி ஆளாகிவிட்டான். சவெதாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த அம்மாளுக்கும் அன்றைக்கே மனசு ஒடிந்துவிட்டது. ஒலிம்பியாவின் அக்கா இத்தாலியிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாள்.

நாற்பதாம் நாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யவில்லை. காபி வேண்டாம் என்றான். அவன் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான். கடைசியாக, விடியற்காலையில் சவெதா போன் செய்ததைச் சொன்னான்.

தோரின் கனவில் வந்தானாம். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தானாம். வந்து சேர்ந்துச்சாப்பா என்று அவள் ஆசையாகக் கேட்டிருக்கிறாள். பார்த்தால் அவன் இன்னும் சொட்டச் சொட்ட நனைந்துதான் நிற்கிறான்.

"வந்துச்சும்மா" என்றானாம். "கம்பளி, ஜாம் எல்லாம் வந்துச்சு. ஆனா உள்ள ஒரு அக்கா இருக்காங்க. நான் டென்ட் மட்டுந்தானேம்மா கேட்டேன்? ராத்திரி பூரா இலாரியே இலாரியேன்னு கூப்பிட்டு ஜிப்ப பிராண்டறாங்க. அது உள்பக்கத்துலேருந்து தெறக்க மாட்டேங்குது. எனக்கு உள்ள போகவே பயமா இருக்கு. நான் வெளியதான் உக்காந்திருக்கேன்."